கிரவீன் வெள்ளைக்காரி

உங்களில் எத்தனை பேர் ஐஸ்கிரீம் பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனீர்கள்? சிட்னியின் மேற்குப் பக்கத்தில் வளர்ந்து, இப்போது மூட்டுவலி மாத்திரையை ஞாபகமாக எடுத்துவைக்கிற வயதுக்கு வந்துவிட்டவர்கள் யாரும் அதிலிருந்து தப்பியிருக்க முடியாது. வனிலா முடிந்ததும் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, பின்பக்கத்தில் மார்க்கரால் இரண்டு பெரிய கண்கள் வரைந்து, தாடைக்குக் கீழே இலாஸ்ரிக் கட்டிவிடுவார்கள். எல்லாம் மக்பைக்குப் பயந்துதான். காகம் அளவில், கறுப்பும் வெள்ளையுமாக, வருடம் முழுவதும் புல்தரையில் பரம சாதுவாக நடந்து திரிகிற பறவை, வசந்தம் வந்து கூட்டில் முட்டை விழுந்ததும் ஆளே மாறிவிடும். பின்னாலிருந்து பாய்ந்து வந்து தலையில் ஒரு போடு போட்டுவிட்டுப் போகும். பின்னந்தலையில் கண்ணைக் கண்டால் வராது என்று ஒரு நம்பிக்கை. எங்கள் வீட்டுப் பெட்டியில் கண்களோடு புருவமும் மீசையும் இருந்தன. அது சித்தப்பாவின் கைவேலை. அந்தப் பெட்டி எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று எனக்குத் தெரியாது. இப்போது கிடைத்தால் கண்ணாடி அலுமாரியில் வைப்பேன்.

நாங்கள் அந்த மேற்குப் பக்கத்துக் கிரவீனுக்கு வந்து அடுத்த வருடம் அது. எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பத்து வயது இருக்கும். அப்பா ஒரு பெயின்ற் தொழிற்சாலையில் வேலை செய்தார். அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, அந்த வருடம்தான் ஊரிலிருந்து வந்து சேர்ந்து, பிஸ்கற் கம்பனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்குள் நுழைந்தால் அறை முழுக்க இஞ்சி பிஸ்கற் மணக்கும். அம்மா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. அதற்கு முந்தின வருடம் ஒரு பிள்ளை தங்கவில்லை. அதனால் இந்தமுறை டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: கட்டிலிலேயே இருக்க வேண்டும், குளியலறைக்கு எழும்பலாம், வேறொன்றுக்கும் எழும்பக் கூடாது. குசினி அப்பாவின் கைக்குப் போனது. அந்த மாதங்களில் நாங்கள் சாப்பிட்ட பருப்பைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

அம்மாவின் கட்டில் பின்பக்க ஜன்னலோரம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே எங்கள் துணிக்கொடி, அதற்கப்பால் ஒரு தாழ்ந்த வேலி, வேலிக்கு அப்பால் ஒரு சின்னப் பூங்கா. பூங்காவின் ஓரமாக நடைபாதை போனது. ஸ்ரேசனுக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் பாதை. நடைபாதைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய யூகலிப்ரஸ் மரம். ஆங்கிலம் பேச வெட்கப்பட்டு, ஒருவரையும் தெரியாமல், நாள் முழுக்க அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்த பெண்ணுக்கு அப்போது முப்பத்திமூன்று வயது. இன்னும் கொஞ்ச வருடத்தில் என் மகளுக்கு அந்த வயது வரும். இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

வாட்டில் மரங்கள் மஞ்சளாய்ப் பூத்துக்கொட்டுகிற ஓகஸ்ற் மாதத்தில் ஒரு நாள், கொடியிலிருந்து துணி எடுக்கப் போன நான் உள்ளே ஓடிவந்தேன்.

"அம்மா, வெள்ளைக் காகம்."

வரவேற்பறைக் கதிரையில் இருந்த சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணி, உங்கட மகளுக்கு வெள்ளைக்காகம் பறக்குதாம். உள்ளதைச் சொல்லு பிள்ளை, பள்ளிக்கூடத்தில என்ன களவு செய்துபோட்டு வந்தனி?"

நான் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பூங்காப் புல்லில் அது நடந்துகொண்டிருந்தது. முழு வெள்ளை. சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கொக்கு," என்றார்.

கொக்குக்கு அவ்வளவு கட்டைக் காலா என்று நான் கேட்டேன். "இஞ்சத்தைக் கொக்கு," என்றார்.

அப்பா வேலையால் வந்து பார்த்துவிட்டு, கடற்பறவை, வழிமாறி வந்துவிட்டது என்று முடிவு சொன்னார். எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு அவுஸ்திரேலியத் தம்பதி இருந்தார்கள். கணவர் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், சிவந்த காதுகளோடு ஒரு பழைய சைக்கிளில் திரிவார். அது யாரோ வளர்த்துத் தப்பவிட்ட புறா என்றார் அவர். மனைவி அவரை இடைவெட்டி, அது நோய் பிடித்துக் கொண்டை கொட்டிப்போன கொக்கற்றூ, பாவம், என்றார். கொக்கற்றூ என்றால் அந்த வெள்ளைப் பெரிய கிளி. பெரியவர்கள் எல்லோரும் நிறத்தை மட்டும் பார்த்தார்கள், தங்களுக்குத் தெரிந்த வெள்ளைப் பறவைகளில் ஒன்றை எடுத்து அதன் தலையில் வைத்தார்கள்.

அம்மாவின் கட்டிலிலிருந்து பார்த்தால் அது ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும். ஆனால் அம்மாவுக்குக் காது இருந்தது. அடுத்தநாள் விடியப்புறம் நான் தேநீர் கொண்டுபோனபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

"உஷ். கேள்."

கழுத்துக் குறுகின போத்தலிலிருந்து தண்ணீர் ஊற்றுவதுபோல ஒரு பாட்டு. மேலே ஏறி, களகளவென்று உருண்டு இறங்கியது. மக்பையின் பாட்டு. அதை நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள்.

"மக்பைதானே அம்மா."

"ஓம். ஆனா பாடுறது ஆர் எண்டு பார்."

வேலித்தூணில் அந்த வெள்ளைப் பறவை தொண்டையை உப்பவைத்து, அலகை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது.

"இப்ப அது நடக்கிறதைப் பார். நிறத்தை விட்டுப்போட்டுப் பார், பிள்ளை."

அது குதித்துக் குதித்துப் போகவில்லை. ஒரு காலுக்குப் பின் ஒரு காலாக, தலைமை ஆசிரியர் வகுப்புகளைப் பார்வையிட்டுக்கொண்டு போவதுபோல நடந்தது. நின்றது. தலையைச் சரித்து மண்ணுக்குள் காது கொடுத்தது. பிறகு அலகைக் குத்தி ஒரு புழுவை இழுத்தது. பக்கத்தில் நின்ற கறுப்பு வெள்ளை மக்பையும் அச்சொட்டாக அதையேதான் செய்துகொண்டிருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னேன். என் வகுப்பு ரீச்சர் நம்பவுமில்லை, நம்பாமல் விடவுமில்லை. "அதன் கண் என்ன நிறம்?" என்று கேட்டார். ரோஜா நிறமென்றால் அது அல்பினோ, உடம்பில் எங்கேயும் நிறம் ஊறாத பிறவி. கண் சாதாரணமாக இருந்தால் இறகில் மட்டும்தான் நிறம் குறைந்திருக்கிறது என்றார். இப்போது கைபேசியில் தட்டினால் அதற்கு லூசிஸ்ரிக் என்று ஒரு பெயர் வருகிறது. அப்போது எங்களிடம் இருந்தது அந்தக் கேள்வி மட்டும்தான்.

பறவையின் கண்ணைப் பார்ப்பது எப்படி? அந்த நேரம்தான் அப்பா தேவாலயத்துப் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு பைனாகுலர் வாங்கிவந்தார். அவர் பறவைக்காக வாங்கவில்லை, படுத்திருக்கிற மனுசிக்குப் பொழுது போகட்டும் என்று வாங்கினார். ஒரு கண்ணில் பூஞ்சணம் பிடித்து ஒன்றும் தெரியாது. மற்றக் கண்ணில் உலகம் பக்கத்தில் வந்து நிற்கும். தோல் உறை, அதில் பழைய சிகரெட்டின் வாசம். நானும் அம்மாவும் மாறி மாறிப் பார்த்தோம். ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பார்ப்பதால் எங்கள் இருவருக்கும் முகம் கோணிப்போய்விடும். அதைப் பார்த்து ஒருவரையொருவர் சிரிப்போம். டொக்டர் சிரிக்கக் கூடாது என்று சொல்லவில்லை.

கண் ரோஜா நிறமில்லை. செம்மண்ணும் தேனும் கலந்ததுபோல ஒரு பழுப்பு, மற்ற மக்பைகளின் கண்போலவே. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. அது முழு வெள்ளையே இல்லை. மற்றவற்றுக்குக் கறுப்பு இருக்கிற இடங்களில், நெஞ்சில், இறக்கை ஓரத்தில், இதற்குப் பால்தேநீரின் ஆடைபோல மிக மெல்லிய நிறம் ஒன்று ஓடியது. நூறுதரம் தோய்த்த சீத்தைத் துணியில் பூ தெரிவதுபோல, உற்றுப் பார்த்தால் உள்ளே மக்பை தெரிந்தது.

"நான் சொன்னன்தானே," என்றார் அம்மா. பல மாதங்களுக்குப் பிறகு அவருடைய குரலில் அப்படி ஒரு மிதப்பைக் கேட்டேன்.

சித்தப்பாதான் அதற்கு வெள்ளைக்காரி என்று பெயர் வைத்தார். அதன்பிறகு எங்கள் வீட்டுப் பேச்சை வெளியாட்கள் கேட்டால் விபரீதமாக இருக்கும். "வெள்ளைக்காரி விடியவே வந்திட்டா." "வெள்ளைக்காரி எங்கட தும்புத்தடியைப் பிய்ச்சுக்கொண்டு போறா." அது உண்மை. கூடு கட்டுவதற்காக, பின்வாசலில் சாத்தியிருந்த, முற்றம் கூட்டுகிற தும்புத்தடியிலிருந்து நார் நாராக இழுத்துக்கொண்டு போனாள். பாதித் தும்புத்தடி அந்த யூகலிப்ரஸ் மரத்துக்குப் போய்விட்டது. கூடவே ஒரு கம்பித் துண்டும், சித்தப்பாவின் சப்பாத்து நூலும்.

பிறகு கோயில் அன்ரி வந்தார். வெள்ளிக்கிழமைகளில் வீடுவீடாகப் பஜனை ஒழுங்குசெய்கிறவர், எல்லோருக்கும் உதவி, எல்லோருக்கும் பயம். அம்மாவைப் பார்க்கப் பிட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கொண்டு வந்தவர், ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டுக் கையை நெஞ்சில் வைத்தார்.

"உதையோ நீர் நாள்முழுக்கப் பாத்துக்கொண்டு கிடக்கிறீர்?"

"ஓம் அக்கா. வடிவெல்லோ."

"வயித்தில பிள்ளையோட உப்பிடி நிறமில்லாததைப் பாக்கலாமே? பிள்ளைக்கும் வெள்ளை விழும். இஞ்சாரும் தம்பி, உமக்கும் புத்தி இல்லையே?"

கடைசி வார்த்தை அப்பாவுக்கு. அம்மா சிரித்துவிட்டுப் பிட்டைச் சாப்பிட்டார். ஆனால் அப்பாவுக்கு அது உள்ளே போய்விட்டது. அன்று பின்னேரமே ஒரு பழைய போர்வையை எடுத்துவந்து ஜன்னலுக்குக் குறுக்கே ஆணியடித்தார். அம்மா பைனாகுலரை உறைக்குள் வைத்தார். அறை இருண்டு போனது.

அப்பாவின் மேல் எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சமல்ல. இப்போது நினைத்தால், ஒரு பிள்ளையை இழந்த மனிதர் அடுத்ததைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்தது சுத்தியலும் ஆணியும்தான் என்று விளங்குகிறது.

போர்வை நெடுநாள் இருக்கவில்லை. ஒருநாள் நான் பள்ளியால் வந்தபோது அது மடித்துக் கட்டிலின் கால்மாட்டில் கிடந்தது. ஆணிகள் ஜன்னல் விளிம்பில் வரிசையாக அடுக்கியிருந்தன. அப்பா பின்னேரம் வந்து பார்த்தார். "இஞ்சருங்கோ," என்றார் அம்மா, பைனாகுலரைக் கீழே இறக்காமலே, "அவ முட்டையில இருக்கிறா. நானும் கிடக்கிறன், அவவும் கிடக்கிறா. எங்களை விடுங்கோ." அப்பா குசினிக்குப் போய்ப் பருப்பை அடுப்பில் வைத்தார்.

முட்டை விழுந்ததும், உங்களுக்குத் தெரியுமே, போர் தொடங்கிவிட்டது.

முதலில் அடிபட்டவர் சித்தப்பா. காலையில் ஸ்ரேசனுக்கு நடந்தவர், தலைக்கு மேல் இறக்கைச் சத்தம் கேட்டதும் அப்படியே நடைபாதையோர மழைத்தண்ணீர்க் கானுக்குள் குப்புற விழுந்து, இரண்டு கையாலும் பின்னந்தலையை மூடிக்கொண்டு கிடந்தார். பின்னால் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஊரில் ஆமிக்காரரின் ஹெலிகொப்ரர் சுட வரும்போது அப்படித்தான் விழுவார்களாம், அது எனக்குப் பிறகுதான் தெரியும். சித்தப்பா கொஞ்ச நேரம் எழும்பவில்லை. பிறகு சேற்றோடு எழும்பி, மேலே பார்த்து, தானும் சிரிக்கத் தொடங்கினார். வேலைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பி வந்து, "அண்ணி, ஒரு குருவி அண்ணி, ஒரு குருவி," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவருக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது. அன்று பின்னேரம்தான் ஐஸ்கிரீம் பெட்டியில் மீசை வரைந்தார்.

அதன்பிறகு தபால்காரருக்கு. பிறகு சைக்கிளில் போன எதிர்வீட்டுக்காரருக்குக் காதில். ரத்தம் வந்தது. எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: அந்த வெள்ளை ஒன்றுதான். அந்தத் தெருவில் மக்பைகள் பல இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட மற்றதிலிருந்து பிரித்துச் சொல்ல ஒருவருக்கும் தெரியாது. பார்த்ததும் தெரிகிற ஒன்றுதான் இருந்தது. அதனால் எல்லா அடியும் அதன் கணக்கில் போனது.

எதிர்வீட்டுக்காரர் காதில் பிளாஸ்ரருடன் எங்கள் வாசலுக்கு வந்தார். கவுன்சிலுக்கு அறிவித்துவிட்டாராம், சனிக்கிழமை ஆள் வந்து அதைப் பிடித்துக்கொண்டு போவார்களாம். அப்பா "யெஸ், யெஸ், தாங்க்யூ," என்றார். அப்பா அதில் நிம்மதி அடைந்தார் என்பது அவர் கதவைச் சாத்தின விதத்திலேயே தெரிந்தது.

நான் அம்மாவிடம் ஓடினேன். அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அவ கூட்டை விட்டு இறங்கிறேல்லையடி. நான் நாள்முழுக்கப் பாக்கிறன். மற்றது, அந்தக் கறுப்பன்தான் கொம்பில இருந்து பாயிறது. அவ தலையைக்கூடத் திருப்பிறேல்லை."

"அப்ப ஏனம்மா எல்லாரும் அவ எண்டு சொல்லுகினம்?"

"ஏனோ? எங்களைப்போலத்தான். எங்க நிண்டாலும் தெரியுமெல்லே."

சனிக்கிழமை காலை பின்பக்கம் திறந்த ஒரு வெள்ளை யூற் வண்டி வந்து பூங்காவோரம் நின்றது. அகலத் தொப்பி, காக்கிக் கட்டைக் காற்சட்டை, முழங்கால்வரை சொக்ஸ் போட்ட கவுன்சில்காரர் ஒருவர் இறங்கினார். ஏணி, வலை, கம்பிக் கூடு எல்லாம் இறக்கினார். எதிர்வீட்டுக்காரரும் மனைவியும் வந்தார்கள். அப்பாவும் சித்தப்பாவும் நானும் வேலியோரம் போய் நின்றோம்.

பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. வீட்டுச் சட்டைக்கு மேல் அப்பாவின் குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வயிற்றைக் கையால் தாங்கியபடி அம்மா புல்லில் நடந்து வந்துகொண்டிருந்தார். அவர் வெளியில் வந்து எத்தனை மாதம். வெயிலுக்குக் கண் கூசியது.

"நீர் ஏன் எழும்பினீர்?" அப்பா வேலியை விட்டு ஓடினார். "உள்ளுக்குப் போம்."

அம்மா நிற்கவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு கவுன்சில்காரரைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"நொட் ஷீ," என்றார். "ஷீ மதர். ஷீ சிற்றிங். ஒல் டே சிற்றிங். ஹஸ்பண்ட் இஸ் டூயிங்."

கவுன்சில்காரர் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். அம்மாவின் வயிற்றைப் பார்த்தார், பிறகு அம்மா காட்டிய இடத்தைப் பார்த்தார். மரத்தின் உச்சியில், கூட்டின் விளிம்புக்கு மேலே, ஒரு வெள்ளை வால் நீட்டிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டுக்காரரிடம் திரும்பி, "உங்களைக் கொத்தினதை நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

"எப்படிப் பார்ப்பது, பின்னால்தானே வந்தது," என்றார் அவர். "ஆனால் அங்கே ஒரு வெள்ளை இருக்கிறதே."

மனைவி தன் புருசனை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஒருத்தர் நடந்து காட்டினால் தெரிந்துவிடும்," என்றார் கவுன்சில்காரர்.

சித்தப்பாவுக்கு இதை நான் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, அவர் வீட்டுக்குள் ஓடிப் போய்ப் பெட்டியைத் தலையில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். பின்னந்தலையில் கண்ணும் புருவமும் மீசையும். கவுன்சில்காரர் அந்த மீசையைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டார். சித்தப்பா நடைபாதையில் இறங்கினார். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை நடப்பதுபோல மெதுவாக, இரண்டு பக்கமும் பார்த்துப் புன்னகைத்தபடி நடந்தார். இந்தமுறை அவர் குனியவில்லை.

மரத்தைத் தாண்டியதும் கொம்பிலிருந்து ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. டக்கென்று பெட்டியில் ஒரு சத்தம், எங்களுக்கு வேலிவரை கேட்டது. மேலே போய்த் திரும்பி, இன்னொருதரம். டக். நல்ல கறுப்பும் நல்ல வெள்ளையுமான சாதாரண மக்பை. கூட்டில் அந்த வெள்ளை வால் அசையவே இல்லை.

முதலில் சிரித்தது யார் தெரியுமா? அப்பா. வேலியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, தோள் குலுங்கச் சிரித்தார். "ஹஸ்பண்ட் இஸ் டூயிங்," என்றார் கவுன்சில்காரர், அம்மா சொன்னதுபோலவே. எதிர்வீட்டு மனைவி தன் கணவரைச் சுட்டிக்காட்டி ஏதோ சொல்ல, அவரும் பிளாஸ்ரர் காதைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

அப்படியென்றால் கறுப்பனைப் பிடிப்பதா? அதற்கும் அம்மா விடவில்லை. "நோ. ஹீ ஃபாதர்," என்றார். அதற்குமேல் அவரிடம் ஆங்கிலம் இல்லை. கவுன்சில்காரருக்கு அது போதும். தகப்பன் போனால் அவள் தனியே குஞ்சுகளை வளர்க்கப் பாடுபடுவாள் என்றும், குஞ்சு பறந்ததும் இவன் தானாகவே அடங்கிவிடுவான் என்றும் சொன்னார். மரத்துக்கு இரண்டு பக்கமும் எச்சரிக்கைப் பலகை நட்டு, சைக்கிள்காரர் அடுத்த தெருவால் சுற்றிப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கம்பிக் கூட்டைத் திரும்ப யூற்றில் ஏற்றினார்.

அம்மாவை அப்பா கைத்தாங்கலாக உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நான் தண்ணீர் கொண்டு போனபோது அப்பா கட்டிலோரம் இருந்து, ஒரு கண்ணை மூடி முகத்தைக் கோணி, பைனாகுலரால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கண்ணால பாக்கிறது?"

"வலக்கண்ணால," என்றார் அம்மா.

அவர் கண்ணை மாற்றிக்கொண்டார். பிறகு, "வடிவாத்தான் இருக்கிறா," என்றார் அப்பா.

ஜக்கரண்டா ஊதாவாய்ப் பூக்கத் தொடங்கின நேரம் வெள்ளைக்காரியின் குஞ்சுகள் புல்லில் இறங்கின. வாயைத் திறந்துகொண்டு தாய்க்குப் பின்னால் கத்திக்கத்தித் திரிந்தன. ஒன்றுகூட வெள்ளையில்லை. கறுப்பும் சாம்பலுமாக, தெருவிலுள்ள எந்த மக்பைக் குஞ்சையும் போல. அதே கிழமையில் பரமட்டாவுக்குப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் என் தங்கச்சி பிறந்தாள். எங்களில் எல்லோரையும் விடக் கறுப்பு. கோயில் அன்ரி வந்து, துணியை விரித்து, கையைப் பார்த்து, காலைப் பார்த்து, பிள்ளையைப் புரட்டியும் பார்த்தார்.

"முதுகு பாத்திட்டீங்களோ அக்கா?" என்றார் அம்மா. "காதுக்குப் பின்னாலயும் ஒருக்காப் பாருங்கோ."

அன்ரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, தான் கொண்டுவந்த பிள்ளைப்பேற்றுக் காயச் சரக்கைத் தானே கரைத்து அம்மாவுக்குக் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்தநாளே எதிர்வீட்டு மனைவி, தன் புருசன் சார்பில் ஒரு லெமன் கேக்கோடு வந்திருந்தார். கேக் முடிந்த பிறகும் வருவதை நிறுத்தவில்லை. பிள்ளை பிறந்து அம்மா எழும்பி நடமாடத் தொடங்கியதும் இருவரும் வேலியோரம் நிற்கத் தொடங்கினார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஆங்கிலம் பாதி. பறவைகளைப் பற்றி என்றால் அது பிரச்சினையில்லை. ஒருவர் நடந்து காட்டுவார், மற்றவர் கூவிக் காட்டுவார்.

டிசம்பரில் ஒரு பின்னேரம் எதிர்வீட்டுப் பொட்டில்பிரஷ் மரத்தில் ஒரு மஞ்சள் பறவை வந்து இருந்தது. எலுமிச்சம்பழம்போல மஞ்சள், தலை மட்டும் வெளிறின வெள்ளை. யாரோ வளர்த்த கூண்டுக்கிளி, தப்பி வந்துவிட்டது, பிடித்து உரியவரிடம் கொடுக்க வேண்டும் என்றார் எதிர்வீட்டு மனைவி. ஒரு துவாயும் கையில் கொண்டு வந்துவிட்டார். அம்மா இல்லையென்று தலையாட்டினார். "நோ கலர்," என்றார், கண்ணைக் கையால் மறைத்துக் காட்டி. நிறத்தைப் பார்க்காதே என்று அர்த்தம். பிறகு அந்தப் பறவை தலைகீழாகத் தொங்கிச் சிவப்புப் பூவுக்குள் நாக்கை விடுவதைக் காட்டினார். அது லொரிகீற் கிளி, எங்கள் தெருவில் பச்சையும் நீலமும் செம்மஞ்சளுமாகக் கூட்டம் கூட்டமாகக் கத்துகிற அதே லொரிகீற்தான், இதற்கு நிறம் மாறி வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்பது அம்மாவின் கட்சி. கூட்டம் வரட்டும், யாரோடு போகிறது என்று பார்ப்போம்.

இருவரும் அசையாமல் நின்றார்கள். நான் அம்மாவின் பக்கத்தில் நின்றேன். உள்ளே சோறு அடிப்பிடிக்கிற மணம் வந்தது. அப்பா அழுகிற தங்கச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, "இஞ்சரும், பிள்ளைக்குப் பசிக்குது," என்றார். அம்மா திரும்பிப் பார்க்காமல், ஆங்கிலத்தில் "வெயிற்," என்றார். அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

வெயில் சரிந்த நேரம் ரயில்பாதைப் பக்கமிருந்து அந்தக் கீச்சொலி வந்தது. லொரிகீற் கூட்டம் வீட்டுக் கூரைகளுக்கு மேலால் இரைந்துகொண்டு வந்து, பொட்டில்பிரஷ் மரத்தில் இறங்கி, ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிப் பூக்களைக் குடைந்தது. மஞ்சள் பறவையை ஒன்றும் வித்தியாசமாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒன்று அதைத் தள்ளியது, அது இன்னொன்றைத் தள்ளியது. பிறகு எல்லாம் ஒரே வீச்சாக எழும்பின. நடுவில் அந்த மஞ்சளும் போனது.

எதிர்வீட்டுப் பெண்மணி துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஒல்றைற். யூ வின்," என்றார்.

அம்மாவுக்கு அது விளங்காமல் இல்லை. அந்த இரண்டு சொல்லும் விளங்காத அளவுக்கு அவருடைய ஆங்கிலம் மோசமில்லை. என்றாலும் என் பக்கம் குனிந்து, "என்னவாம்?" என்று கேட்டார்.

"நீங்கள் வெண்டிட்டீங்களாம் அம்மா."

"வடிவாக் கேக்கேல்லை," என்றார். "இன்னொருக்காச் சொல்லு."